பதில் சொல்லும் முரசு

மரினால்வா அடிக்கிற அடிக்கு ஜெனில்டா பதில் அடி கொடுக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருஷமாகிறது. இரண்டு பேருக்கும் வாய்ப்பேச்சு நின்று பதினொரு வருஷம். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சல்வடோர் நகரத்து அமராலினா மேட்டில் யாரும் சிரிப்பதில்லை, பழகிப்போயிற்று.

மரேசியா என்பது பெண்கள் மட்டுமே உள்ள மேளக்குழு. அறுபது பேர். மீன் அரிகிறவள், துணி தைக்கிறவள், பல் டாக்டர் ஒருத்தி, மருமகள் கொடுமை தாங்காமல் வந்து சேர்ந்த மாமியார்கள் மூன்று பேர். முன்வரிசையில் சின்ன மேளக்காரிகள் ஆடிக்கொண்டே அடிப்பார்கள், படம் பிடிக்கிறவர்கள் எல்லாம் அவர்களைத்தான் பிடிப்பார்கள். பின்வரிசையில் இடுப்பு வாரில் பெரிய முரசைத் தொங்கவிட்டு நிற்பவர்களை ஒருத்தரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் அவர்கள் கை நின்றால் முன்வரிசையின் காலும் நின்றுபோகும். அந்தப் பின்வரிசையில் முதல் முரசு மரினால்வா, இரண்டாம் முரசு ஜெனில்டா. முதல் முரசு கேட்கும், இரண்டாம் முரசு பதில் சொல்லும். குழுவில் அதை அப்படித்தான் சொல்வார்கள். கேள்வி இல்லாமல் பதில் கிடையாது. பதில் வராத கேள்வியை வைத்துக்கொண்டு அரைத் தெரு கூட நடக்க முடியாது.

குழுவைத் தொடங்கியவள் மேஸ்திரி தால்வா, மேளக்குழுவை நடத்துகிறவளை இங்கே மேஸ்திரி என்பார்கள். அந்தக் காலத்தில் மேட்டிலிருந்த ஆண்கள் குழுவில் போய்ப் பெரிய முரசு கேட்டிருக்கிறாள். பெண்பிள்ளை இதைத் தூக்கினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்றார்களாம். "சமையல் கேஸ் சிலிண்டரை இந்த மேட்டுக்கு யாருப்பா தூக்கிட்டு வர்றது? அப்ப இறங்காதது இப்பத்தான் இறங்கப் போகுதா?" என்று கேட்டுவிட்டு வந்து, தானே ஒரு குழு கட்டினாள். சாமி வீட்டு மேளங்களை ஆண்கள்தான் தொட வேண்டும், அதில் தால்வாவுக்குச் சண்டை இல்லை. தெருமேளத்தை யாரும் யாருக்கும் எழுதி வைத்துவிட்டுப் போகவில்லை என்பதுதான் அவள் கட்சி. அடிமைகளாகக் கப்பலில் கட்டி இழுத்துவரப்பட்ட பாட்டன் பூட்டன்கள் கையில் வேறொன்றும் கொண்டுவரவில்லை, இந்தத் தாளத்தைத்தான் கொண்டுவந்தார்கள், வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள், அவர்களுக்குக் கை இல்லையா என்பாள். அவளோடு வாதம் செய்து ஜெயித்தவர் இந்த மேட்டில் இல்லை.

முதல் நாள் ஒத்திகையில் பேருந்து நடத்துனர் மரினால்வாவையும் பள்ளிக்கூடச் சமையல்காரி ஜெனில்டாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியது தால்வாதான். ஒருத்தி வாயைத் திறந்தால் மூட மாட்டாள். வண்டியில் ஏறுகிறவனின் மாமியார் பெயர்வரை விசாரித்துத்தான், காசு வாங்கிக்கொண்டு, தன் இருக்கைக்குப் பக்கத்திலிருக்கும் சுழல்கதவைத் தாண்டவிடுவாள். இன்னொருத்தி நெடுநெடுவென்று உயரம், ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். ஏனோ கை ஒத்துப்போயிற்று. கை ஒத்துப்போனதும் மனசும் ஒத்துப்போயிற்று. மூன்று வருஷம் கழித்து மரினால்வாவுக்கு மகள் ஜுசாரா பிறந்தபோது, ஞானஸ்நானத் தொட்டிக்கு மேலே குழந்தையை ஏந்தி நின்றவள் ஜெனில்டா. இங்கே பெற்றவளும் ஞானத்தாயும் ஒருத்தியை ஒருத்தி 'கொமாத்ரே' என்று அழைப்பார்கள். கூடப்பிறந்தவளைவிடப் பெரிய உறவு அது. குழந்தையின் தகப்பன் ரெசிஃபெ ஊருக்கு வேலை தேடிப் போய், வேலையைத் தவிர மற்றதெல்லாம் தேடிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். அந்தப் பிள்ளையைக் கொமாத்ரேக்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் வளர்த்தார்கள்.

அப்படிப்பட்டவர்களுக்குள் பேச்சு நின்றது ஒரு கூடையால்.

பிப்ரவரி இரண்டு கடலம்மா யெமான்ஜாவின் நாள். அன்றைக்குச் சல்வடோர் நகரமே வெள்ளையும் நீலமும் உடுத்தி ரியோ வெர்மெல்யோ கடற்கரையில்தான் நிற்கும். சின்னக் கூடையில் கண்ணாடி, சீப்பு, சோப்பு, பூ, வாசனைத் தண்ணீர் எல்லாம் வைத்து, மனசில் இருப்பதைச் சொல்லிக் கடலில் விட வேண்டும். உள்ளே போய்விட்டால் அம்மா ஏற்றுக்கொண்டாள். அலை திருப்பிக் கொண்டுவந்து கரையில் போட்டால் வேண்டாம் என்றுவிட்டாள். அப்படித் திரும்பி வந்த கூடைக்காரியிடம் அந்த வருஷம் முழுக்க யாரும் நல்ல காரியத்துக்குக் கைராசி கேட்க மாட்டார்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் ஜுசாராவுக்கு எட்டு வயசு. இதயத்தில் ஓட்டை. பிப்ரவரி ஐந்தாம் தேதி ஆபரேஷன் என்று நாள் குறித்துப் பிள்ளையை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். மரினால்வா பிள்ளையை விட்டு இரண்டு மணி நேரம் வந்தது கூடை விடுவதற்காகத்தான். மரேசியாப் பெண்கள் எல்லோருடைய கூடையும் ஒரே கடையில் வாங்கியது. ஊர்வல உடுப்புத் தைத்து மிஞ்சிய நீலத் துணியைத்தான் எல்லோரும் சுற்றியிருந்தார்கள். இடுப்பளவு தண்ணீரில் கும்பலாக நின்று அத்தனை கூடைகளையும் ஒன்றாக விட்டார்கள். எல்லாம் போயிற்று. ஒன்று மட்டும் தயங்கியது, திரும்பியது, வந்து மரினால்வாவின் வயிற்றில் இடித்தது.

யாருடைய கூடை என்று வேறு யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. மரினால்வாவுக்குத் தெரிந்தது. சில்லறைப் பையைக் கட்டுகிற முடிச்சு அதில் இருந்தது. இரட்டைச் சுருக்குப் போட்டு நுனியை உள்ளே செருகுகிற அந்த முடிச்சைப் பேருந்துப் பணிமனைக்காரர்கள் தவிர யாரும் போட மாட்டார்கள்.

ஒரு கண நேரம்தான். அந்தக் கண நேரத்தில் அவள் பார்த்தது ஆஸ்பத்திரிக் கட்டிலை. அம்மா வேண்டாம் என்றுவிட்டாள் என்று அறுபது வாய் சொல்லப் போகிறது, சொன்னால் பலித்துவிடும். உடனே கூடையைத் தூக்கிப் பிடித்து, தன் வழக்கமான பேருந்துச் சிரிப்பைச் சிரித்து, "ஜெனில்டா, உன்னோடதைத்தான்டி அம்மா திருப்பி அனுப்பிட்டா! உன் வீட்டுக்காரன் நாத்தம் அவளுக்கே பொறுக்கல போல!" என்று கத்தினாள். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனில்டாவின் கணவன் நிவால்டோ மீன்பிடிக்கிறவன், அவன் குளிக்காதது ஊரறிந்த விஷயம். ஜெனில்டா மட்டும் சிரிக்கவில்லை. கூடையைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள், கொமாத்ரேயின் முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கரையேறிவிட்டாள்.

ஜுசாரா பிழைத்தாள். டாக்டர்களே மெச்சும்படி எழுந்து உட்கார்ந்தாள். அதே வருஷம் ஜூன் மாதத்தில் நிவால்டோவின் படகு வந்தது, நிவால்டோ வரவில்லை.

அய்யோ, அதற்குப் பிறகு மரினால்வா தூங்கியதாக யாரும் சொல்ல முடியாது. தன் தலைக்கு வந்ததைத் தூக்கி ஜெனில்டாவின் தலையில் போட்டோம், அவள் புருஷனை அது கொண்டுபோய்விட்டது என்றே நம்பினாள். போய்க் காலில் விழலாம் என்றால் அங்கேயும் ஒரு பயம். அந்தக் கூடை என்னுடையது என்று வாயால் சொன்னால், வேண்டாம் என்ற சொல் வீடு தேடித் திரும்பி வந்து ஜுசாராவின் நெஞ்சில் உட்கார்ந்துவிடாதா? பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தால்கூட நெஞ்சில் கை வைத்துப் பார்க்கிறவள் அவள். சொன்னால் பிள்ளை. சொல்லாவிட்டால் கொமாத்ரே. இரண்டுக்கும் நடுவில் பதினொரு வருஷம் போய்விட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஒத்திகை ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட நிற்கவில்லை. தால்வா அவர்களைப் பிரித்து வைக்கவும் மறுத்துவிட்டாள். "பேசாட்டிப் போங்கடி. அடிக்கிறதுக்கு நாக்கு எதுக்கு?" என்றாள். இருவருக்கும் இடையில் எதைச் சொல்வதானாலும் மூன்றாவது ஆள் வழியாகத்தான். கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டே ஜெனில்டா மேஸ்திரியைக் கூப்பிட்டு, அவகிட்ட வார் அவிழ்ந்திருக்குன்னு சொல்லுங்க என்பாள். மேஸ்திரி சொல்வதற்குள் மரினால்வா இறுக்கியிருப்பாள்.

பேருந்தில் சில நாள் ஜெனில்டா ஏறுவாள். சரியான சில்லறையை வைப்பாள், சுழல்கதவைத் தள்ளிக்கொண்டு போவாள், ஜன்னலோரம் உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். அன்றைக்கு மட்டும் வண்டியில் நடத்துனரின் குரல் கேட்காது. மரினால்வா சொல்ல வேண்டியதை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வருவாள். அடுக்கி முடிப்பதற்குள் ஜெனில்டாவின் நிறுத்தம் வந்துவிடும்.

செப்டம்பரில் இரட்டைப் புனிதர்களின் நாளுக்கு மரினால்வா வெண்டைக்காயும் இறாலும் பனையெண்ணெயும் போட்டுக் கருரு சமைத்து, வருஷம் தவறாமல் ஜுசாரா கையில் ஜெனில்டா வீட்டுக்குக் கொடுத்தனுப்புவாள். பாத்திரம் கழுவித் திரும்பி வரும். வெறும் பாத்திரமாக வந்ததில்லை, உள்ளே ஜுசாராவுக்கு ஏழு தேங்காய் மிட்டாய் இருக்கும். மரினால்வா ஒவ்வொரு வருஷமும் அதை எண்ணிப் பார்ப்பாள். தனக்கென்று எட்டாவது ஒன்று இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான். இருந்ததில்லை.

இந்த ஜனவரியில் ஜுசாரா ஒரு செய்தி கொண்டுவந்தாள். நர்ஸ் படிப்பு இரண்டாம் வருஷம் படிக்கிறாள் இப்போது, இரண்டு அம்மாக்களுக்கு நடுவில் தபால்காரியாக இருந்து அலுத்துப்போனவள். ஞானத்தாய் ஊரைக் காலி செய்கிறாள். சாவ் பாவ்லோவில் மகனுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அங்கேயே போய் இருக்கப் போகிறாள். பிப்ரவரி நாலாம் தேதி பேருந்து. கார்னிவலுக்குக்கூட இருக்க மாட்டாள். கடலம்மா நாள்தான் கடைசி.

மரினால்வா அன்று சுழல்கதவில் மூன்று பேரைக் காசு வாங்காமல் விட்டுவிட்டாள்.

அவளுக்கு இருந்தது இருபது நாள். அதில் பத்தொன்பது நாள் எப்படிப் போயிற்றென்றே தெரியவில்லை. ஒருமுறை ஜெனில்டா வீட்டுத் தெருமுனை வரைக்கும் போய், வாசலில் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். கடைசியில் கடலம்மா நாளுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஜுசாராவை உட்கார வைத்து, எல்லாவற்றையும் மகளிடம் சொன்னாள். சொல்லிவிட்டு அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜுசாரா அம்மாவின் கையை எடுத்துத் தன் நெஞ்சில், பழைய தையல் தழும்பின் மேல் வைத்துக்கொண்டாள்.

"அடிக்குதா? தாளம் தப்பாம அடிக்குதுல்ல? அப்ப போய்ச் சொல்லும்மா. இது நின்னுடும்னு பயந்து என் ஞானத்தாயை வெறும் கையோட பஸ் ஏத்தி விட்டுடாத."

மறுநாள் மதியம் மரேசியா கடற்கரைக்கு இறங்கியது. காலையிலிருந்து தெருவில் அடித்து எல்லோருக்கும் தோள் இற்றுப்போயிருந்தது. வெயில் மணலைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. முறை என்னவென்றால் முதலில் வட்டமாக நின்று அம்மாவுக்கு ஒரு சுற்று மேளம், அப்புறம் கூடைகள். நீலத் துணி சுற்றிய கூடைகள் நடுவில் குவிந்து கிடந்தன. தால்வா ஊதலை வாயில் வைத்து, கையை உயர்த்தி, மரினால்வாவைப் பார்த்தாள். முதல் முரசு கேட்க வேண்டும். கை கீழே இறங்கியது. முரசு கேட்கவில்லை.

தால்வா மறுபடி கையை உயர்த்தினாள். மறுபடியும் ஒன்றுமில்லை. மரினால்வா இடுப்பு வாரை அவிழ்த்தாள். முரசை மணலில் இறக்கி வைத்தாள். நேரே நடுவுக்குப் போய்க் குவியலிலிருந்து ஒரு கூடையை எடுத்தாள். பதினொரு வருஷமாக அவள் ஊரார் மாதிரிச் சாதாரண முடிச்சுத்தான் போட்டுவந்தாள். இந்த வருஷம் பழைய முடிச்சு.

"இந்த முடிச்சப் பாருங்க. பஸ்காரங்க முடிச்சு. பதினொரு வருஷம் முந்தி இதே எடத்துல ஒரு கூடை திரும்பி வந்துச்சே, அதுலயும் இதுதான் இருந்துச்சு. அது ஜெனில்டாவோடது இல்ல, என்னோடது. தெரியாம சொல்லல, தெரிஞ்சேதான் சொன்னேன். பிள்ளை ஆஸ்பத்திரில கெடந்தா. பயந்துட்டேன்." அலைச் சத்தத்தைத் தாண்டி அறுபது பேருக்கும் அது கேட்டது.

தால்வாவின் வாயிலிருந்து ஊதல் விழுந்தது. முன்வரிசையில் யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். எல்லோரும் இப்போது ஜெனில்டாவைத்தான் பார்த்தார்கள். அவள் குச்சி இரண்டையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, நிதானமாக நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"மேஸ்திரி, அவகிட்ட சொல்லுங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்னு."

"அவ உன் மூக்குக்கு முன்னாடிதான் நிக்கிறா," என்றாள் தால்வா. "நீயே சொல்லித் தொலை."

ஜெனில்டா தயங்கினாள். பதினொரு வருஷப் பழக்கம், லேசில் போகுமா? பிறகு முரசோடு திரும்பி, நேராக மரினால்வாவைப் பார்த்தாள்.

"நான் அன்னைக்குக் கூடையே போடலடி."

மரினால்வாவுக்குப் புரியவில்லை.

"காலைல படகுல வெச்சிருந்தேன். அந்த மகராசன் நிவால்டோ அது மேலயே உக்காந்துட்டான். கண்ணாடி தூள்தூளாப் போச்சு. உடைஞ்ச கண்ணாடியையா அம்மாவுக்குக் குடுப்பேன்? வெறும் கையோட வந்து கும்பல்ல நின்னேன், ஒருத்தரும் கவனிக்கல. அப்பத்தான் நீ கூடையத் தூக்கிக் காட்டிட்டு என் பேரைக் கத்துற."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா எல்லாரும் உன்னைப் பார்த்திருப்பாங்க. உன்னைப் பார்த்தா பிள்ளையை நெனைச்சிருப்பாங்க. அவ எனக்கும் பிள்ளைதான். சரி, என் பேர்லயே இருந்துட்டுப் போகட்டும்னு கரையேறிட்டேன்."

மரினால்வா மணலில் உட்கார்ந்துவிட்டாள். நிவால்டோ என்று மட்டும் சொன்னாள், முடிக்க முடியவில்லை. ஜெனில்டாவுக்கு மீதி புரிந்துவிட்டது, கோபமும் வந்துவிட்டது. ஒரு நாளுக்கான பத்து வார்த்தையை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள்.

"ஜூன் மாசக் காத்துல, தண்ணியப் போட்டுட்டு, ஓட்டைப் படகுல போனான். போகாதடான்னு கத்தினேன், கேக்கல. கடலம்மா ஒரு கண்டக்டர் பேச்சக் கேட்டுத்தான் ஆளைத் தூக்குவாளா? உன்னை நீ என்னன்னு நெனைச்சிருக்க?"

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். சிரித்தவளே அழவும் செய்தாள். மரினால்வா அழுதபடியே, அப்படியானால் ஏன் பேசவில்லை என்று கேட்டாள். பொய்க்காகவா?

"பொய்க்கு இல்ல. அந்தப் பொய்யை நானும் சொல்லியிருப்பேன்." ஜெனில்டாவின் குரல் அப்போதுதான் உடைந்தது. "பிள்ளை வீட்டுக்கு வந்த அன்னைக்கு நீ வருவேன்னு வாசல்ல நின்னேன். வரல. அவனுக்குப் பூசை வெச்ச அன்னைக்கு சூப்போட வந்த, அதைச் சொல்லாமலே போன. அப்புறம் வருஷா வருஷம் கருரு அனுப்புற. எனக்குக் கருருவா வேணும்? நான் தூக்கினது உன் பாரம்னு நீ ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான் எதிர்பார்த்தேன். நாளன்னைக்கு ஊருக்குப் போறேன்."

போகிறவள் போகத்தான் போகிறாள். பெட்டி கட்டியாயிற்று, மகன் நிலையத்தில் காத்திருப்பான். அதில் மாற்றமில்லை என்று மரினால்வாவுக்குத் தெரியும். மன்னித்துவிடு என்றாள். மணலில் உட்கார்ந்த வாக்கில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, அந்த ஒரே வார்த்தையை மூன்று தடவை சொன்னாள். ஜெனில்டா குனிந்து, மரினால்வாவின் முரசைத் தூக்கி நிறுத்தி, தோலில் ஒட்டியிருந்த மணலைத் தன் வெள்ளைப் பாவாடையாலேயே துடைத்தாள். பிறகு கை கொடுத்து எழுப்பி, வாரை அவள் இடுப்பில் தானே இழுத்துக் கட்டினாள். மேஸ்திரியிடம் சொல்லி அனுப்பவில்லை.

தால்வா ஊதலில் ஒட்டியிருந்த மண்ணைத் துப்பிவிட்டு மறுபடி வாயில் வைத்தாள். கையை உயர்த்தினாள். அறுபது பேரும் குச்சியைத் தூக்கினார்கள். மரினால்வாவுக்குக் கண்ணில் நீர் நிறைந்து முரசே தெரியவில்லை. தால்வாவின் கை இறங்கியது, அப்போதும் முரசு சும்மா இருந்தது.

பக்கத்திலிருந்து ஜெனில்டா சொன்னாள்:

"கேளு, கொமாத்ரே. நீ கேக்காம நான் எப்படிப் பதில் சொல்லுவேன்?"

மரினால்வா கையை ஓங்கிக் கேட்டாள்.